ஒட்டுத் தெரியாமல் குரலை வெட்டுவது எப்படி? ரீப்பரை வைத்து ஒரு விரிவான பதில்

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒரு தமிழ்ப் பாட்டுக்குக் குரல் பதிவு செய்தாயிற்று, நாலைந்து டேக் (ஒரே பாட்டை மறுபடி மறுபடி பாடிய பதிவுகள்) இருக்கிறது. நல்ல வரிகளை மட்டும் வெட்டி ஒட்டினால் சில இடங்களில் 'டிக்' என்று கேட்கிறது, டிக் இல்லாத இடங்களிலும் ஒட்டு காதில் தெரிகிறது, தாளத்துக்குள் கொண்டுவர இழுத்தால் குரல் இயந்திரத்தனமாக ஆகிவிடுகிறது. இதற்கு எந்த பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். ரீப்பரிலேயே எல்லாம் இருக்கிறது, கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் எதுவானாலும் இதே கதைதான், பெயர்கள்தான் மாறும் (ரீப்பரில் ஐட்டம், கியூபேஸில் ஈவென்ட், லாஜிக்கில் ரீஜன், நான் இங்கே கிளிப் என்றே சொல்கிறேன்). மூன்று தொல்லைக்கும் வேர் ஒன்று: எங்கே வெட்டுவது என்பதைக் கட்டத்தையும் கோட்டையும் பார்த்து முடிவு செய்கிறீர்கள். பாடுகிறவர் வாயில் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்பதை வைத்து முடிவு செய்தால் முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் கிளிப் என்றால் என்ன என்பது மனதில் தெளிவாக இருக்கட்டும். டிஸ்கில் இருக்கும் வேவ் ஃபைலை நீங்கள் தொடுவதே இல்லை. திரையில் தெரியும் கிளிப் அந்த ஃபைலின் மேல் திறந்திருக்கும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். எஸ் அழுத்தி வெட்டினால் ஒரு ஜன்னல் இரண்டாகிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் மறைந்திருந்த பகுதி திரும்ப வரும். ஆல்ட் அழுத்திக்கொண்டு கிளிப்பின் நடுவில் பிடித்து இழுத்தால் ஜன்னல் அங்கேயே நிற்கும், உள்ளே இருக்கும் ஒலி மட்டும் நகரும். இந்தக் கடைசி வேலைக்கு ஸ்லிப் எடிட் என்று பெயர். குரல் எடிட்டில் இதைவிடப் பயனுள்ள கருவி வேறு இல்லை என்பேன், ஆனால் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதே இல்லை. ஒன்றும் அழியாது என்பதால் தைரியமாக வெட்டுங்கள்.

இப்போது அந்த டிக். ஒலி என்பது மேலும் கீழும் போகும் ஒரு கோடு. ஒரு கிளிப் முடியும் இடத்தில் கோடு மேலே இருக்கிறது, அடுத்தது தொடங்கும் இடத்தில் கீழே இருக்கிறது என்றால், ஒரே சாம்பிளில் (கணினி ஒலியை அளந்து வைக்கும் ஒரு புள்ளி) அந்த உயரத்தைத் தாண்டியாக வேண்டும். விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற விகிதத்தில் ஒரு சாம்பிள் என்பது ஒரு மில்லி செகண்டில் 48-ல் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய தாவலில் எல்லா அதிர்வெண்களும் சிதறும், அதுதான் டிக். கோடு பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஒரு பக்கம் கோடு மேலே ஏறிக்கொண்டு பூஜ்ஜியத்தைக் கடக்கிறது, மறுபக்கம் இறங்கிக்கொண்டு கடக்கிறது என்றால் உயரம் பொருந்தும், போக்கு பொருந்தாது, அந்த முறிவும் கேட்கும். அதனால் பூஜ்ஜியத்தைத் தேடி நேரத்தைச் செலவழிக்காமல், இரண்டு கிளிப்பும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறிக் கிடக்குமாறு வைத்து கிராஸ்ஃபேட் (முதல் ஒலி மெல்லக் குறைய, அடுத்தது மெல்லக் கூடுவது) போட்டுவிடுங்கள். ரீப்பரின் மேல் டூல்பாரில் ஆட்டோ கிராஸ்ஃபேட் பொத்தான் இருக்கிறது, அது எப்போதும் ஆனில் இருக்கட்டும். ரீப்பர் தானாகப் போடும் ஃபேட் 10 மில்லி செகண்ட், அதாவது 48,000-ல் 480 சாம்பிள். பேச்சுக்கும் பெரும்பாலான குரல் வெட்டுகளுக்கும் அது போதும்.

காந்த நாடா காலத்திலும் இதே தீர்வுதான், கத்தியால் செய்தார்கள். கால் அங்குல நாடா விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடும். அதை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்டி ஒட்டுவார்கள். முழு அகல மோனோ பதிவில் பழைய ஒலி முழுக்க மறைந்து புதியது முழுக்க வருவதற்குள் நாடா தன் அகலமான 6.35 மில்லிமீட்டர் ஓடியிருக்கும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட். நீங்கள் மவுஸால் இழுத்துப் போடும் கிராஸ்ஃபேடும் அந்தச் சாய்ந்த வெட்டும் ஒன்றுதான்.

ஆனால் எல்லா இடத்திலும் 10 மில்லி செகண்ட் சரிவராது. 50 ஹெர்ட்ஸ் பாஸ் சுரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். அதன் மேல் 5 மில்லி செகண்ட் ஃபேட் போட்டால் கால் சுற்றுக்குள் ஒலி அறுபடும், டிக் போய் 'தொப்' என்று கேட்கும். பாஸ் கிட்டாருக்கு நீளமான ஃபேட் வேண்டும் என்பதற்கும், குரல் பதிவில் மேசை அதிர்வும் மின்விசிறி உறுமலும் இருந்தால் வெட்டுகள் தொந்தரவு செய்வதற்கும் இதுவே காரணம். குரல் டிராக்கில் எடிட்டுக்கு முன்னாலேயே 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு ஹைபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான அதிர்வெண்களைக் குறைப்பது) போட்டுவிட்டால் பாதித் தொல்லை குறையும். குரல் மிகவும் கனமாக, தாழ்ந்த சுருதியில் இருந்தால் 60-க்கு இறக்குங்கள்.

சரி, டிக் போய்விட்டது, ஒட்டு மட்டும் தெரிகிறது. இதுதான் உண்மையான விஷயம்.

தமிழ்ப் பாட்டுக்கு நம் மொழியே நல்ல வெட்டுமிடங்களைத் தருகிறது. வல்லினம் இரட்டிக்கும் இடங்களைப் பாருங்கள்: பாட்டு, பக்கம், அப்பா, முத்து. 'ட்ட' சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டிக் காற்றை அடைக்கிறது, ஒரு கணம் வாயிலிருந்து ஒலியே வருவதில்லை, அப்புறம் வெடித்துத் திறக்கிறது. ஜூம் செய்து பார்த்தால் 'பா' முடிந்ததும் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகி, பிறகு திடீரென்று ஒரு முள் எழும்பும். அந்தத் தட்டையான பகுதியின் கடைசியில், முள்ளுக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். அங்கே ஒட்டப்படுவது மௌனமும் மௌனமும், அதற்கு அடுத்து வரும் வெடிப்பு மிச்சமிருக்கும் சிறு வித்தியாசத்தையும் மூடிவிடும். பலமான ஒலி தனக்குச் சற்று முன்னால் இருக்கும் மெல்லிய ஒலியைக் காது கவனிக்காமல் செய்யும், அதன் பலன் முழுதாக உங்களுக்குக் கிடைக்கிறது. டிரம்ஸ், மிருதங்கம் எடிட்டிலும் இதே விதி: அடிக்குச் சற்று முன்னால் வெட்டு, அடியின் மேலோ பின்னாலோ வேண்டாம்.

ஆனால் எல்லா வல்லினமும் இப்படி இல்லை. பகல், கடல், இதயம் போன்ற சொற்களில் ஒற்றையாக நடுவில் வரும் க, ட, த மெலிந்துவிடும், குரல்வளை அதிர்வு நிற்காது, மௌனமே கிடையாது. தங்கம், வந்த, கண்டேன் மாதிரி மெல்லினத்துக்குப் பின்னால் வரும்போதும் அப்படித்தான். எழுத்தைப் பார்த்து 'இங்கே த இருக்கிறது, வெட்டலாம்' என்று போனால் ஏமாற்றம்தான். அலைவடிவத்தில் தட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

அடுத்த நல்ல இடம் ஸ, ஷ, ச போன்ற உராயும் ஒலிகள். அது வெறும் இரைச்சல், சுருதி கிடையாது, எனவே அதன் நடுவிலேயே ஒட்டலாம். இங்கே மட்டும் கிராஸ்ஃபேடின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகளை நேர்கோட்டு ஃபேடால் கலந்தால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும், அதனால் ஈக்வல் பவர் வளைவு (நடுவில் இரண்டு ஒலியையும் சற்று உயர்த்தி வைப்பது) போட வேண்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அலையாக இருந்தால் (உதாரணமாக ஒரே டேக்கை வெட்டி நடுவில் கொஞ்சம் எடுத்துவிட்டு ஒட்டுவது, நீண்ட 'ஆ'வின் நடுவில் ஒட்டுவது) ஈக்வல் பவர் நடுவில் 3 டெசிபல் மேட்டை உண்டாக்கும், அங்கே நேர்கோடுதான் சரி. ரீப்பரில் ஃபேடின் மேல் ரைட் கிளிக் செய்தால் வடிவங்கள் வரும், வியூ மெனுவில் கிராஸ்ஃபேட் எடிட்டரும் இருக்கிறது. 'ஒட்டின இடத்தில் சத்தம் ஒரு கணம் குறைகிற மாதிரி இருக்கிறது' என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் தவறான வளைவுதான் காரணம்.

கடினமான இடம், நீட்டிய உயிரெழுத்தின் நடு. முடிந்தவரை தவிருங்கள். வேறு வழியே இல்லை என்றால் இப்படிச் செய்யலாம். ஆண் குரல் 110 ஹெர்ட்ஸில் நிற்கிறது என்றால் ஒரு சுற்று 9 மில்லி செகண்ட், பெண் குரல் 220-ல் என்றால் நாலரை. நன்றாக ஜூம் செய்யுங்கள், சுற்றுச் சுற்றாக ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆல்ட் இழுப்பால் இரண்டாவது கிளிப்பின் உள்ளடக்கத்தை நகர்த்தி, அதன் உச்சிகள் முதல் கிளிப்பின் உச்சிகளோடு ஒரே இடத்தில் வருமாறு வையுங்கள். அப்புறம் 20, 30 மில்லி செகண்ட் நேர்கோட்டு கிராஸ்ஃபேட். உச்சிகள் பொருந்தாமல் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், எவ்வளவு நீளமான ஃபேடும் காப்பாற்றாது. இரண்டு டேக்கிலும் சுருதி அச்சாக ஒன்றாக இல்லாவிட்டால் இந்தப் பொருத்தம் நாலைந்து சுற்றுக்குமேல் நிற்காது என்பதால் ஃபேடை இன்னும் குறுக்க வேண்டியிருக்கும்.

கமகத்தின் (சுரத்தை ஆட்டிப் பாடும் அசைவு) நடுவில் மட்டும் ஒட்டவே வேண்டாம். தோடி ராகத்தின் காந்தாரச் சுரம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு டேக்கில் அது மேலே போகும் நேரத்தில் இன்னொரு டேக்கில் கீழே வந்துகொண்டிருக்கும். அலை பொருந்தினாலும் அசைவு பொருந்தாது. பாடத் தெரிந்தவர் காதில் அது உடனே விழும், பாடத் தெரியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று படும். கமகம், பிருகா (வேகமான சுரக் கோவை) வந்தால் அந்தச் சங்கதியை முழுசாக ஒரே டேக்கிலிருந்து எடுங்கள், முன்னும் பின்னும் மூச்சிலோ வல்லினத்திலோ ஒட்டுங்கள்.

டேக் தேர்வும் இதே தர்க்கத்தில் வரும். ரீப்பர் 7 முதல் டிராக்கில் ஃபிக்ஸட் ஐட்டம் லேன் வசதி இருக்கிறது. எல்லா டேக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், வேண்டிய பகுதியை மவுஸால் தேய்த்தால் அது மேலே வந்துவிடும். வசதி அதிகமாக இருப்பதாலேயே எழுத்துக்கு எழுத்து பொறுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். முதலில் ஒவ்வொரு டேக்கையும் முழுப் பாட்டாகக் கேளுங்கள், பல்லவிக்கு எந்த டேக் உயிரோடு இருக்கிறது, சரணத்துக்கு எது என்று முடிவு செய்து அதை அடித்தளமாக வையுங்கள். அதில் கெட்டிருக்கும் வரியை மட்டும் இன்னொன்றிலிருந்து எடுங்கள். ஒரே டேக்கில் பாடகரின் மைக் தூரமும் மூச்சும் மனநிலையும் தொடர்ச்சியாக இருக்கும், ஆறு டேக்கிலிருந்து ஆறு சொல் எடுத்து ஒரு வரி செய்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனி ஆள் பாடியதாக நிற்கும்.

மூச்சை அழிக்காதீர்கள். வரிக்கு முன்னால் வரும் மூச்சு அந்த வரிக்குச் சொந்தம், அதையும் சேர்த்து வெட்டி எடுங்கள். கம்ப்ரஸர் (பெரிய சத்தத்துக்கும் சிறிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) போட்ட பிறகு பெரிதாகக் கேட்டால் மூச்சைத் தனிக் கிளிப்பாகப் பிரித்து 6 முதல் 10 டெசிபல் குறைத்தால் போதும். மூச்சே இல்லாமல் நாலு வரி ஓடினால் கேட்கிறவருக்கே மூச்சு முட்டும். அதேபோல இடைவெளிகளை வெறும் பூஜ்ஜியமாக விட வேண்டாம், முக்கியமாகப் பக்கவாத்தியம் மெலிதாக இருக்கும் பாட்டில். அறையின் சத்தம் இருந்து இருந்து அறுபடுவது, அந்தச் சத்தம் தொடர்ந்து இருப்பதைவிட அதிகம் கவனத்தை இழுக்கும். பாடகர் சும்மா நிற்கும் பத்து விநாடி அறைச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் ஓட்டைகளை அதனால் நிரப்பலாம். தம்புரா மைக்கில் கசிந்திருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் மீட்டல் தாவும், அதை எடிட்டில் சரிசெய்ய நல்ல வழி கிடையாது. அடுத்த முறை தம்புராவை மூடிய ஹெட்போனில் மட்டும் கொடுங்கள்.

இனி தாளம். எல்லா டேக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தாமதமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பாடகர் பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) சொல்லும் தாமதக் கணக்கு உண்மையோடு பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம். இன்டர்ஃபேஸின் அவுட்டை ஒரு கேபிளால் இன்னில் செருகி, ஒரு கிளிக்கை ஓட்டிப் பதிவு செய்து, இரண்டுக்கும் எத்தனை சாம்பிள் வித்தியாசம் என்று அளந்து, பிரஃபரன்ஸில் ரெகார்டிங் பக்கத்தில் கையால் தரும் ஆஃப்செட்டில் அதைப் போடுங்கள். இனி வரும் பதிவுகள் சரியாக விழும், ஏற்கெனவே பதிவானவற்றை மொத்தமாக அதே அளவு முன்னால் தள்ளிவிடலாம். இதைச் செய்யாமல் சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

அதற்குப் பிறகும் நகர்த்த வேண்டியிருந்தால் கிளிப்பைத் தானாகக் கட்டக் கோட்டில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பை அணைத்துவிடுங்கள் (ஆல்ட்-எஸ்). குரலுக்கு ஸ்னாப் எதிரி. காரணம், ஒரு சொல் எந்தக் கணத்தில் தொடங்கியது என்று காது உணர்வது மெய்யின் தொடக்கத்தில் இல்லை, ஏறக்குறைய உயிர் ஒலி தொடங்கும் இடத்தில். 'சின்ன' என்று ஒரு வரி சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்குகிறது என்று வையுங்கள். அந்த ச-வின் இரைச்சல் தட்டுக்கு முன்னாலேயே தொடங்கி, 'இ' ஒலி தட்டில் விழ வேண்டும். கிளிப்பின் இடது ஓரத்தை அப்படியே கிரிட் கோட்டில் ஒட்டினால் 'இ' பின்தங்கும், பாடகர் இழுக்கிறார் என்று தோன்றும், திரையில் எல்லாம் நேராக இருக்கும்போதே. உயிர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதைத் தட்டோடு பொருத்துங்கள். அப்போதும் எல்லாச் சொல்லையும் பொருத்த வேண்டியதில்லை, வரியின் முதல் சொல்லும் தாளத்தில் அழுத்தம் விழும் சொல்லும் சரியாக இருந்தால் நடுவில் பாடகர் கொஞ்சம் முன்னே பின்னே போவதுதான் அவர் பாடும் அழகு.

குரல் இயந்திரத்தனமாவதற்குக் காரணம் கிளிப்பின் ஓரத்தை ஆல்ட் அழுத்தி இழுத்து முழு வரியையும் நீட்டுவது. அப்போது மெய்யும் நீளும், 'ட்ட'வின் வெடிப்பு குழைந்துபோகும், காது முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். முதலில் நகர்த்திப் பாருங்கள்: வரியை வல்லினத்தில் வெட்டி, பின்பாதியை 20 மில்லி செகண்ட் தள்ளி, திறந்த இடைவெளியைப் பின்பாதியின் இடது ஓரத்தை இழுத்து மூடுங்கள். மறைந்திருக்கும் ஒலி அங்கே இருக்கிறதே. பெரும்பாலான இடங்களில் இத்துடன் முடிந்துவிடும். நீட்டியே ஆக வேண்டும் என்றால் ஷிஃப்ட்-டபிள்யூ அழுத்தி ஸ்ட்ரெச் மார்க்கர் (இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள ஒலியை மட்டும் நீட்ட உதவும் குறி) போடுங்கள், உயிரின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. முடிவு மார்க்கரை மட்டும் நகர்த்தினால் அந்த உயிர் நீளும். அதற்குப் பின்னால் மெய் முடியும் இடத்தில் இன்னொரு மார்க்கர் போட்டு இரண்டையும் சேர்த்தே நகர்த்தினால் மெய் தன் நீளத்தில் அப்படியே இருக்கும். உயிரில் பத்து சதவீதம்வரை என் காதுக்குப் பெரும்பாலும் உறுத்துவதில்லை. அதற்குமேல் தேவைப்பட்டால் அந்த வரியை மறுபடி பாடச் சொல்வதுதான் சுலபம்.

ரிப்பிள் எடிட் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆல்ட்-பி (P) அழுத்தினால் அது மூன்று நிலைகளில் மாறும்: ஆஃப், ஒரு டிராக், எல்லா டிராக். பேச்சு, பாட்காஸ்ட் எடிட்டுக்கு அருமையானது, ஒரு வாக்கியத்தை எடுத்தால் பின்னால் உள்ளதெல்லாம் தானாக முன்னால் வரும். பாட்டில் தெரியாமல் ஆனில் இருந்தால் முதல் சரணத்தில் ஒரு மூச்சை அழித்ததும் மீதிக் குரல் முழுக்க இசையை விட்டு விலகும், கடைசியில்தான் கவனிப்பீர்கள். அதேபோல ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மூன்று மைக் வைத்திருந்தால் அந்தக் கிளிப்புகளை ஜி அழுத்திக் குரூப் செய்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். மைக்குகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறு தாமத உறவு எடிட்டால் இடத்துக்கு இடம் மாறினால் மிருதங்கத்தின் தொப்பிச் (இடது பக்கத்து) சத்தம் ஓர் இடத்தில் கனத்தும் இன்னோர் இடத்தில் மெலிந்தும் போகும்.

சரிபார்ப்பது எப்படி? குரலைத் தனியாக சோலோ போட்டுக் கேட்டு டிக்குகளைப் பிடியுங்கள், அதற்கு ஹெட்போன் வேண்டும். ஒட்டு இயல்பாக இருக்கிறதா என்பதை இசையோடு சேர்த்து, திரையைப் பார்க்காமல் கேளுங்கள். வெட்டுக் கோடு நெருங்குவதைக் கண் பார்த்துக்கொண்டிருந்தால் காது இல்லாத ஒட்டையும் கேட்கும். இன்னொன்று, ரிவெர்ப் (அறை எதிரொலி போன்ற விளைவு) இல்லாமல் எடிட் செய்யுங்கள், கடைசியில் ரிவெர்ப், கம்ப்ரஸர் போட்டு ஒரு முறை முழுக்க ஓட்டிப் பாருங்கள். ரிவெர்ப் ஒட்டுகளை மறைக்கும், கம்ப்ரஸர் மறைந்திருந்த அறைச் சத்தத் தாவல்களை வெளியே இழுத்துப் போடும்.

எல்லாம் முடிந்து மிக்ஸ் செய்பவருக்கு அனுப்பும்போது அந்த டிராக்கை முதலில் ஒரு நகல் எடுத்து, நகலை மியூட் செய்து மறைத்து வையுங்கள். அசலில் எல்லாக் கிளிப்பையும் தேர்ந்தெடுத்து குளூ செய்தால் ஒரே ஃபைலாகிவிடும். அதைப் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்குமாறு, பதிவு செய்த அதே சாம்பிள் விகிதத்தில், 24 பிட் வேவாக ரெண்டர் செய்து (தனி ஃபைலாக எடுத்து), ஃபைல் பெயரில் பிபிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) சேர்த்து அனுப்புங்கள். அவர் எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் சரியான இடத்தில் உட்காரும். 'இரண்டாவது சரணத்தில் அந்தப் பழைய டேக்கே நன்றாக இருந்ததே' என்று அவர் கேட்டால், மறைத்து வைத்த டிராக்கில் ஓரங்களோடு எல்லாம் அப்படியே இருக்கும்.